இருட்டினாலும் வகுப்புக்குப் போங்கள்!

செப்டம்பரில் மாலை வகுப்புகளின் புதிய தவணை தொடங்கியதிலிருந்து லண்டன் வாசகர்கள் பலர் பிலாட்டீஸ் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: அக்கா, பிலாட்டீஸும் யோகாவும் ஒன்றுதானே? (ஹாரோ வாசகி)

பதில்: இல்லை, தங்கச்சி. பிறப்பே வேறு. ஜெர்மனியின் மன்ஷென்கிளாட்பாக் நகரில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் உருவாக்கியது இது. சின்ன வயதில் ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் வாட்டிய பிள்ளை அவர். தன் உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் பயிற்சிகளில் இறங்கினார். ஆசனத்தில் ஒரு நிலைக்குப் போய் அதில் தங்குவோம். பிலாட்டீஸில் பெரும்பாலும் அசைந்துகொண்டே இருப்போம்: வயிறு, இடுப்பு, முதுகு மூன்றையும் நிலையாக வைத்துக்கொண்டு கையையும் காலையும் எண்ணிக்கையோடு, மெதுவாக இயக்குவோம். மூச்சு மூக்கால் உள்ளே, வாயால் வெளியே. ஏற்கெனவே யோகா செய்கிறவர் என்றால் அதை விடவேண்டாம். இதைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிபி என்னைப் பிலாட்டீஸ் செய்யச் சொன்னார். லெய்சர் சென்டரில் எட்டிப் பார்த்தால் வகுப்பு முழுக்கப் பெண்கள். வெட்கமாக இருக்கிறது அக்கா. (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: தம்பி, இதைக் கண்டுபிடித்தவர் குத்துச்சண்டை பழகிய மனிதர். முதல் உலகப்போர் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்த ஜெர்மானியர் என்பதால் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். முதலில் லங்காஸ்டர், பிறகு ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாம். கூடவே அடைபட்டிருந்த ஆண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தது அங்கேதான். 1926இல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் வைத்தார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன உலகத்துப் பெரியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1970இல் லண்டனில் முதல் பிலாட்டீஸ் கூடத்தைத் திறந்த ஆலன் ஹெர்ட்மனும் ஆண்தான். முன்வரிசையில் பாயை விரியுங்கள்.

கேள்வி: கடையில் கல்லாவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை. ஆறரைக்கு வகுப்பு. மணியை மாற்றிவிட்டால் அதற்குள் கும்மிருட்டு. வீட்டுக்குப் போனால் திரும்ப வெளியே வர மனம் வருவதில்லை. என்ன செய்யட்டும்? (டூட்டிங் வாசகி)

பதில்: வீட்டுக்குப் போகாதீர்கள்.

வேலையிலிருந்து நேரே வகுப்புக்கு. பை காலையிலேயே தயாராக இருக்கட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு மணியைப் பின்னால் தள்ளியதும், நவம்பர் முதல் வாரத்தில் லண்டனில் நாலரை மணி வாக்கில் சூரியன் போய்விடும். அதற்குப் பிறகு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த யாருக்கும் வெளியே வர மனம் வராது. இது உங்கள் சோம்பல் இல்லை.

உங்களைப் போல உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் மாலை வகுப்பு மிகவும் உதவும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் குறுகியே கிடக்கும்; மேல்முதுகு அசையாமல் விறைக்கும்; தோள்கள் காதை நோக்கி ஏறும். வகுப்பில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து எழுப்பும் ‘ஷோல்டர் பிரிட்ஜ்’ இருக்கிறதே, அது மடங்கிக் கிடந்த இடுப்பை விரித்துக் கொடுக்கும். பக்கவாட்டில் வளையும் ‘மெர்மெய்ட்’ விலாவைத் திறக்கும்; மூச்சு அடிவரை போவது அப்போது தெரியும். மாலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் காலையில் எழுந்தவுடன் குனிவது கடினம். மாலைக்குள் அந்த விறைப்பு குறைந்திருக்கும்.

பள்ளிக்கூட மண்டபங்கள், தேவாலய மண்டபங்களின் தரை இந்த மாதங்களில் சில்லென்று இருக்கும். தடித்த பாய், அடியில் பிடிமானமுள்ள காலுறை, கடைசி ஐந்து நிமிட ஓய்வுக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர்: மூன்றும் பையில் இருக்கட்டும். திரும்பி வரும்போது நடைபாதையில் நனைந்த இலை வழுக்கும். நல்ல அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். உங்கள் தெருவிலிருந்து இன்னொருத்தியையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அவள் வாசலில் காத்து நிற்கிறாள் என்றால் நீங்கள் வராமல் இருக்கமாட்டீர்கள்.

கேள்வி: எடை குறையுமா? (வெம்ப்ளி வாசகர்)

பதில்: பிலாட்டீஸால் மட்டும் பெரிதாகக் குறையாது. வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்பது என்.எச்.எஸ். சொல்லும் அளவு. பிலாட்டீஸ் அந்த இரண்டாவது கணக்கில் வரும். நடையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘ஹண்ட்ரட்’ செய்யும்போது வயிற்றைவிடக் கழுத்துதான் வலிக்கிறது. (குரொய்டன் வாசகி)

பதில்: தலையைக் கீழே வையுங்கள். ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்துக்கு விட்டு, பத்துச் சுற்றில் கையை நூறு முறை அசைப்பதுதான் அந்தப் பயிற்சி. தலையைத் தூக்குவது அதில் கடினமான பகுதி. அடிவயிறு தாங்காதபோது கழுத்து அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது. தலைக்குச் சின்னத் தலையணை, முழங்கால் மடித்துப் பாதம் தரையில். அப்படிச் செய்தாலும் அது ஹண்ட்ரட்தான். பக்கத்துப் பாயைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: கந்தசஷ்டி விரத நாட்களில் வகுப்புக்குப் போகலாமா அக்கா? (மிச்சம் வாசகி)

பதில்: பால், பழம் எடுக்கிற விரதம் என்றால் போகலாம், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாகச் செய்யுங்கள், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் என்றால் அந்த வாரம் வீட்டில் மூச்சுப் பயிற்சி போதும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் விரதம் பற்றியே முதலில் ஜிபியிடம் பேசவேண்டும். சாதாரண நாட்களில் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழியட்டும். தேத்தண்ணியோடு வடை ஆசையாக இருந்தால், வகுப்பு முடிந்து வந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரிங் வைத்த ரிஃபார்மர் மெஷினில் செய்தால்தான் பலன் என்கிறார்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை. (நியூ மோல்டன் வாசகர்)

பதில்: பாயே போதும். 1945இல் வந்த தன் புத்தகத்தில் பிலாட்டீஸ் காட்டிய 34 பயிற்சிகளும் தரையில் செய்பவைதான். ரிஃபார்மரின் ஸ்ப்ரிங் சில இடங்களில் உங்களைத் தாங்கும், சில இடங்களில் எதிர்த்து இழுக்கும். நல்ல கருவி, ஆனால் அவசியமில்லை.

கேள்வி: குளிர் தொடங்கினாலே அம்மாவுக்கு உடம்பு உளைவு. வயது 68, எலும்புத் தேய்வு இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். கூட்டிப்போகலாமா? (சவுத்தோல் வாசகி)

பதில்: கூட்டிப்போங்கள், ஆனால் எந்த வகுப்புக்கும் இல்லை. முள்ளெலும்பில் தேய்வு உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்கவேண்டும். ‘ரோல் அப்’, பந்துபோல் உருளுவது இரண்டும் அம்மாவுக்கு வேண்டாம். பலவீனமான முள்ளெலும்பு நசுங்க வாய்ப்புண்டு. முதுகை நிமிர்த்தும் பயிற்சி, நின்றபடி சமநிலை பழகுவது இவை நல்லது. எலும்புத் தேய்வு என்று பதிவின்போதே சொல்லுங்கள். “பரவாயில்லை, எல்லாரும் செய்வதைச் செய்யட்டும்” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

உளைவுக்கு இன்னொன்று. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கும்படி பிரிட்டிஷ் அரசு சொல்கிறது. தெற்காசியர் போன்ற கருநிறத் தோலுள்ளவர்கள் வருடம் முழுக்க யோசிக்கவேண்டும் என்கிறது. அம்மா எடுக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: நாள்பட்ட இடுப்பு வலி தீருமா? (ஹேய்ஸ் வாசகர்)

பதில்: குறைய நல்ல வாய்ப்பு உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, சும்மா இருப்பதைவிடப் பிலாட்டீஸ் உதவுகிறது, மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஆகவே எது உங்களுக்குப் பிடித்து வாராவாரம் போவீர்களோ, அதுவே உங்களுக்குச் சிறந்தது. ஆனால் வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினாலோ வகுப்பை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஹாரோ வாசகர்)

பதில்: முதல் நாளே உங்கள் முதுகு, முழங்கால், சத்திரசிகிச்சை, கர்ப்பம் எல்லாம் விசாரிப்பார். பாய்களுக்கு நடுவே நடந்து திருத்துவார். ஒவ்வொரு பயிற்சிக்கும் இலகுவான ஒரு வழி வைத்திருப்பார். பிலாட்டீஸ் என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை என்று 2000இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனிலும் இதைக் கற்றுக்கொடுக்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே எங்கே பயின்றீர்கள், எவ்வளவு காலம் பயின்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

கேள்வி: தவணை தொடங்கிவிட்டது. ஜனவரியில் சேரட்டுமா? (இல்ஃபர்ட் வாசகி)

பதில்: வேண்டாம். இந்த வாரமே தொலைபேசியில் கேளுங்கள். இருட்டத் தொடங்கியதும் சிலர் நின்றுவிடுவார்கள். அக்டோபர் இறுதிப் பள்ளி விடுமுறை முடிந்ததும் இடம் காலியாகும், மீதி வாரங்களுக்கு மட்டும் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. ஜனவரியில் புத்தாண்டுத் தீர்மானத்தோடு எல்லோரும் வந்து நிற்பார்கள். அப்போது ஆசிரியருக்கு உங்கள் முதுகைத் தனியாகப் பார்க்க நேரம் இருக்காது.