மீட்டர் பெட்டிக்கு அவனியாபுரத்திலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: சீரியல் நேயர், அவனியாபுரம், மதுரை.
பெறுநர்: ‘பார்க்’ எனப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு மன்றம், மும்பை.
பொருள்: மீட்டரில் கூடுதலாக ஒரு பட்டன் வைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் தாங்கள் மீட்டர் வைத்திருப்பதை மனுதாரர் அறிவார். சேனலின் ஒலியோடு கலந்து வரும், மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டை அந்தப் பெட்டி பிடித்துக்கொள்கிறது. யார் யார் பார்க்கிறார்கள் என்பதை வீட்டிலுள்ளோர் அவரவர் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைதோறும் கணக்கு வெளியாகும். எந்த மருமகள் சாக வேண்டும், எந்த மாமனார் கோமாவிலிருந்து எழ வேண்டும் என்று அதை வைத்துத்தான் சென்னையில் முடிவாகிறது. சித்திரகுப்தன்கூட இவ்வளவு சுருக்கமாகக் கணக்கை முடித்ததில்லை.

எந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது ரகசியம். இருக்கட்டும். ஆனால் மாலை ஏழு மணிக்குமேல் அவனியாபுரத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்பது ரகசியமில்லை. வீட்டு அம்மா டிவிக்கு முதுகைக் காட்டி மல்லிகைப் பூ கட்டிக்கொண்டிருப்பார். கண் பூவில், விரல் நூலில், காது மட்டும் சீரியலில். ‘டமார்’ என்று மூன்று முறை சத்தம் வந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். இனி ஆறு முகங்கள் வரிசையாக அதிர்ச்சி காட்டும். அதற்குள் ஒரு முழம் கட்டிவிடலாம். இது அவர் கணக்கு. நிமிர்ந்தே பார்க்க மாட்டார். மீட்டரோ, அரை மணி நேரமும் அவர் சீரியலில் மூழ்கிக் கிடந்ததாக மும்பைக்கு எழுதிப் போடும்.

அவர் நிமிர்ந்து பார்த்த சந்தர்ப்பங்களும் உண்டு. மனு அவற்றைப் பற்றியது.

2002-ல் சன் டிவியில் தொடங்கிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யில், ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் வந்தார். சீர், சம்பந்தி சண்டை, கடன் எல்லாமே பக்கத்து வீட்டு விவகாரம்தான். பெண் கொடுத்த இடத்தில் அந்த மனிதர் கைகட்டி நின்றால், இங்கே பூ கட்டுகிறவர் கையும் நின்றுவிடும். 811 எபிசோடு ஓடி முடிந்த அந்தத் தொடரை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தே ஜனம் உட்கார்ந்து பார்த்தது. திருப்பத்துக்காக மட்டும் பார்ப்பவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் இங்கேயே காலமான எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ இன்னொன்று. நாகா இயக்கி, 90களின் பிற்பகுதியில் ‘மர்ம தேசம்’ வரிசையில் வந்தது. தப்புச் செய்தவனைத் தண்டிப்பது குதிரையேறி வரும் கருப்பா, மனுஷனா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வாரம் ஒரு எபிசோடுக்காகத் தெருவையே காக்க வைத்தார்கள். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் சீமையில் இது விளையாட்டில்லை. சாமியையும் கேலி செய்யாமல், மனநல மருத்துவத்தையும் கைவிடாமல் கதையை முடித்த கெட்டிக்காரத்தனம் அது.

2022-ல் வந்த ‘எதிர்நீச்சல்’ கதையே மதுரையில் நடப்பது. ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம் இயக்கியது. தேனி மாவட்டத்துக்காரரான மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன், சதித்திட்டத்தைக் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வில்லன் இல்லை. வீட்டுக்கு வந்த படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்துவிட்டு அதுதான் குடும்ப கௌரவம் என்று மனசார நம்பும் பெரிய மனுஷன். “எங்க சித்தப்பாவேதான்” என்று பெண்கள் சிரித்தார்கள். பாதி வீடுகளில் சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து இறந்தார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். நல்ல நடிகர்தான், ஆனாலும் அந்த ‘இந்தாம்மா ஏய்’ அதட்டல் மாரிமுத்துவோடு போய்விட்டது. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி கிளம்பியது. தலைப்பிலேயே எச்சரித்துவிட்டதால் மனுதாரர் புகார் சொல்ல வழியில்லை.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கோலங்கள்’ 1,533 எபிசோடு. அமெரிக்காவில் ஒரு வேதியியல் வாத்தியார் அடியோடு கெட்டுப்போக ‘பிரேக்கிங் பேட்’டுக்கு 62 போதுமானதாக இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்கிற ஊரில், அதை மறைத்துவிட்டுப் படிக்கப்போகும் தமிழ்ச்செல்வியின் கதையை ‘அயலி’ (2023) எட்டே எபிசோடில் சொல்லி முடித்தது.

அவனியாபுரம் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நடத்தும் ஊர். வாடிவாசலைத் தாண்டியதும் நேராக ஓடிவிடும் மாட்டைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. களத்தில் நின்று விளையாடிய மாட்டைப் பல வருஷம் பேசுவார்கள். தொழுவத்தில் எத்தனை மாதம் கட்டிக் கிடந்தது என்று பார்த்து எவரும் பரிசு கொடுத்ததில்லை.

ஆகவே, ‘நிமிர்ந்து பார்த்தேன்’ என்றொரு பட்டனை மீட்டரில் சேர்க்குமாறு மனுதாரர் கோருகிறார். இயலாதெனில், ‘அடுத்த வசனம் எனக்கே தெரியும்’ என்று ஒன்று வைக்கலாம். அது ஒரே வாரத்தில் தேய்ந்துபோனால் செலவு மன்றத்தைச் சேரும். இரண்டுக்கும் நிதி இல்லையென்றால், வியாழக்கிழமைக் கணக்கை ஒரு மூன்று மாதம் சேனல்களுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, எழுதுகிறவர்கள் தங்கள் கதையைத் தாங்களே முடிக்க வழிசெய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.