பட்டாணி அளவு

கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும், அதாவது ஓவர்கிளாக் செய்த, பிராசசரின் உண்மைக் குணம் சென்னையில் மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தெரியவரும். ஜனவரியில் 4.6 கிகாஹெர்ட்ஸில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த அதே கம்ப்யூட்டர், அந்த வேளையில் நீலத் திரையைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். ஹீட்சிங்க் என்பது சூட்டை வாங்கி அறைக் காற்றிடம் தள்ளிவிடும் தரகர் மட்டுமே. அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் அதனால் ஆக்க முடியாது. கையேடுகளோ 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்படுகின்றன. அங்கே 74 டிகிரி காட்டும் பிராசசர், 37 டிகிரி அறையில் அதே வேலைக்கு 89 டிகிரியைத் தொடும். சூடு ஏற ஏற, அதே வேகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். அது கிடைக்காதபோது நீலத் திரை. சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில், மூன்று மணி நேரமாகச் சேமிக்காத ஃபைலோடு இது நிகழ்ந்தது. எந்த வீடு என்பது இங்கே தேவையில்லை.

இக்கலையால் விளையும் பயன் பிற்பகுதியில் விளக்கப்படும்.

இதன் பொற்காலம் 1998. இன்டெல் அந்த ஆண்டு வெளியிட்ட செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் நாலரை மடங்கு என்ற கணக்கில் 300-ல் ஓடப் பிறந்தது. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. மலிவு விலைச் சரக்கு, விலை உயர்ந்த பென்டியம் 2-உடன் தோளுரசியது. 2000-ல் ஏஎம்டியின் தண்டர்பேர்ட் ஆத்லானில், மேற்பரப்பில் துண்டிக்கப்பட்டிருந்த சில இணைப்புகளின் மீது பென்சிலால் கோடிழுத்தால் மல்டிப்ளையர் என்ற அந்த மடங்கு எண்ணின் பூட்டு திறந்துகொண்டது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்ற எட்டாம் வகுப்புப் பாடம் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான். 2011-ல் சாண்டி பிரிட்ஜ் வந்தபின், பெயரின் வாலில் ‘கே’ என்ற எழுத்து உள்ளவற்றில் மட்டுமே தாராளமாக விளையாட முடிந்தது. அதுவரை சும்மா திருடியதை, அதன்பின் காசு கொடுத்துத் திருட வேண்டியதாயிற்று. இப்போது அதுவும் போயிற்று. ஐ9-14900கே பெட்டியிலிருந்து வரும்போதே 6 கிகாஹெர்ட்ஸ் வரை தானாக ஏறுகிறது. பாயசத்து முந்திரியை எல்லாம் சமையல்காரரே பொறுக்கித் தின்றுவிட்டு, ‘வேண்டுமானால் துழாவிப் பாருங்கள்’ என்று கரண்டியை நீட்டுவதற்கு ஒப்பானது இது.

சூட்டின் கணக்கு வருமாறு: பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்கி, அதற்காக 1.20 வோல்டை 1.35 ஆக்கினால், வேகம் 15 சதவீதம் கூடும்; சூடு ஏறத்தாழ 45 சதவீதம் கூடும். வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஆகவே முதலில் குளிர்விப்பு. பெரிய ஹீட்சிங்க், காற்று உள்ளே வர ஒரு ஃபேன், வெளியேற ஒன்று. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதும் பரவலான முறை. சில நாள் சூடு குறையும், பிறகு தூசி ஏறும், பிறகு பல்லி குடியேறும்.

பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் தடவ வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் சொல்வது: பட்டாணி அளவு. எந்தப் பட்டாணி என்று ஒன்றிலும் இல்லை. மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணி ஓர் அளவு. அதையே இரவு ஊறவைத்தால் காலையில் ஏறக்குறைய இரு மடங்கு. கடற்கரை சுண்டலில் வெந்து மலர்ந்தது இன்னோர் அளவு. வறுபட்டாணி வேறு ஜாதி. குளிர்காலத்தில் தோலோடு விற்கும் பச்சைப் பட்டாணியிலோ ஒரே தோலுக்குள் அண்ணன் தம்பி ஏழு பேரும் ஏழு அளவு. பட்டாணியை ஏற்காத மற்றொரு பிரிவினர் ‘அரிசி அளவு போதும்’ என்கின்றனர். இட்லி அரிசியா, சீரகச் சம்பாவா? சோறா, அரிசியா? மூன்றாம் பிரிவினர் பெருக்கல் குறி போடுவோர். நான்காம் பிரிவினர் நான்கு மூலைக்கு நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து புள்ளி வைக்கின்றனர். புள்ளி வைத்தபின் கோடு இழுக்காமல் எழுந்துபோவது எந்த வாசலிலும் நடக்காத காரியம். ஐந்தாம் பிரிவினர் காலாவதியான டெபிட் கார்டால் தோசை மாவைத் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்ப்பவர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும் என்பதில் இவர்களுக்கும் தோசைக்கல்லுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்னடா, அரிசி மாவைக் கொட்டிட்டியா?” என்று கேட்பது வழக்கம். விடை சொல்லாமலிருப்பது நலம். ஹீட்சிங்கை அழுத்தித் திருகிவிட்டால் பட்டாணியும் அரிசியும் கோலமும் ஒன்றாகவே பரவிவிடுகின்றன. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் வழியும், அவ்வளவே. குறைந்து போனால்தான் கேடு. இதைக் கண்டுபிடிக்க இக்கட்டுரையாளருக்கு ஹீட்சிங்கை ஆறு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியாக வேண்டும். ஹீட்சிங்கின் அடியிலிருந்த ஒட்டுத் தாளை உரிக்காமலே மாட்டியது முதல் முறையில்.

அடுத்து மின்னழுத்தம். பயாஸில் ‘ஆட்டோ’ என்று விடக் கூடாது. மதர்போர்டுக்குப் பயம் அதிகம், தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியும் 100 மெகாஹெர்ட்ஸ். தடுமாறினால் மட்டும் மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டலாம். ரேமின் வேகத்தை அந்நேரத்தில் தொடக் கூடாது. தொட்டால் பழி யார்மேல் என்று தெரியாது. உச்சவரம்பு சிப்புக்குச் சிப்பு மாறும். அதிக மின்னழுத்தம் உடனே கொல்வதில்லை, மெல்ல அரிக்கும். இதைக் கம்பெனிகளே கற்க வேண்டியிருந்தது: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, அளவுமீறிய மின்னழுத்தத்தால் நிலைதடுமாறின, 2024 ஆகஸ்டில் 1.55 வோல்டுக்கு மேல் கேட்க விடாத மைக்ரோகோட் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஓவர்கிளாக் செய்பவருக்கு அப்படி நீட்டிக்க யாரும் இல்லை.

வேலை கூடும்போது மின்னழுத்தம் சற்றுத் தொங்கும். மாலை ஏழு மணிக்குத் தெருவே லோ வோல்டேஜில் மங்குவதைப் போன்றது. அதை நிமிர்த்தும் ஸ்டெபிலைசராக லோட்லைன் கேலிப்ரேஷன் இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால், வேலை சட்டென்று நிற்கும்போது மின்னழுத்தம் எகிறும். நடு நிலையே போதும்.

பிறகு சோதனை. பிரைம்95 என்ற மென்பொருள் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. இன்று பெரும்பாலோர் அதை அடுப்பாகவே பயன்படுத்துகின்றனர். ஒரு கோர் கணக்கில் தவறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் தாங்கியதை வெற்றி என்று கருதி நண்பர்களுக்குப் படம் அனுப்புவது மரபு. பல மணி நேரம் ஓட்டினால்தான் உண்மை வெளிவரும். 600 விஏ யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தால் அதற்கு முன்பே அது கீச்சிடத் தொடங்கும். மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து அது தாங்குவது ஏறத்தாழ 360 வாட்டே.

பயனை விளக்குமுன் மின்னழுத்தக் குறைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேகத்தை அப்படியே விட்டு, மின்னழுத்தத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோதிப்பது இது. மேற்சொன்ன வர்க்கம் இங்கே நம் பக்கம் வேலை செய்யும்: சூடு குறையும், ஃபேன் இரைச்சல் அடங்கும், சூட்டால் வேகம் குறையும் பிராசசர்களில் வேகமும் கூடும். ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு மிக அருகில் உள்ள முறை என்பதால் இதைச் செய்தவர் யாரும் பெருமை பேசியதில்லை.

கம்ப்யூட்டர் திரையே காட்டாமல் நின்றுவிட்டால் பயாஸ் அமைப்பை அழிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, மதர்போர்டிலுள்ள சிஆர்2032 வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வெளியே வைக்க வேண்டும். அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும். கார்டைக் கழற்றாமல் நகத்தால் நெம்ப முயன்றால் நகம் போகும். பேட்டரியைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி திரும்பப் பொருத்தியபின் எல்லாம் தொழிற்சாலை வேகத்துக்கு வந்துவிடும். கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்யாவிட்டால் பேங்க் தளங்கள் திறக்காது.