கோப்பும் கோப்பியும்

மாண்புமிகு முகப்பு அவர்களின் மேலான சமூகத்திற்கு,

மலேசியாவின் மலாக்காவில் உள்ள உம்பாயிலிருந்து எழுதுகிறேன். எந்த அலுவலகத்து முகப்புக்கு இந்தக் கடிதம் என்று யாரும் தேட வேண்டாம். வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகும் ஆசிரியர் உலகத்தில் எங்கே போனாலும் முதலில் தங்களைத்தான் தரிசிக்கிறார். கண்ணாடி ஒன்றுதான், அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு விட்ட சந்தும் ஒன்றுதான். எங்கள் நாட்டில் மட்டும் தங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு. பிற ஊர்களில் லஞ்சம் என்று கொச்சையாகச் சொல்வதை நாங்கள் 'டூயிட் கோப்பி', அதாவது கோப்பிக் காசு, என்று மணக்க மணக்கச் சொல்கிறோம். கோப்புக்கும் கோப்பிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதைத் தமிழுக்கே கற்றுக்கொடுத்தவர் தாங்கள். 2025-இல் கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் 'கவுண்டர் செட்டிங்' செய்து வெளிநாட்டவரை முறையான சோதனையில்லாமல் உள்ளே விட்டதாக அமலாக்க அதிகாரிகளை ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்ததே, அந்தச் செய்தி தந்த அவமானத்தில்தான் இதை எழுதுகிறேன். தாள் சரியில்லாதவர் சொன்ன நேரத்தில் சொன்ன வரிசையில் நின்றால் போதுமாம், முத்திரை விழுந்துவிடுமாம். பட்டச் சான்றிதழ், அதன் உறுதிப்படுத்திய நகல், மருத்துவச் சோதனை, பள்ளியின் கடிதம் என்று அத்தனையும் அடுக்கிக்கொண்டு வரும் வாத்தியாருக்கோ, "படத்தில் காது மறைந்திருக்கிறது, நாளைக்கு வாங்க." காது நன்றாகத்தான் தெரிகிறது ஐயா. கோப்பி என்ற சொல் அதில் விழவில்லை என்பதுதான் தங்கள் மனக்குறை.

கோப்பிக் காசைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்குபவர்கள் தங்கள் வியாபார நுட்பத்தை அறியாதவர்கள். பெரிய லஞ்சம், சட்டம் தர மறுப்பதை வாங்குவதற்கு. கோப்பிக் காசு, சட்டம் ஏற்கெனவே தந்துவிட்டதை வாங்குவதற்கு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதிவோ 'பெர்மிட் மெங்காஜார்' எனும் கற்பிக்கும் அனுமதியோ இல்லாமல் யாரும் வகுப்பில் நிற்க முடியாது. வெளிநாட்டவர் என்றால் குடிநுழைவுத் துறையின் பாஸும் வேண்டும். கேட்பதில் தவறில்லை, பிள்ளைகள் முன்னால் யார் நிற்கிறார் என்று அரசாங்கம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாஸுக்கு முடிவு தேதி இருக்கிறது, கோப்புக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் தங்கள் கோப்பிக் கடை. உள்ளூர்க்காரர் அடுத்த வாரம் வரலாம், தெரிந்த சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்கலாம், சண்டை கூடப் போடலாம். வெளிநாட்டு வாத்தியாருக்கு மலாய் அரைகுறை, ஓட்டு இல்லை, ஆள் பலம் இல்லை. தேதி கடந்தால் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டம் மட்டும் உண்டு. அவருடைய நாட்களையே எடுத்து அவருக்கே விற்கிறீர்கள். இவ்வளவு குறைந்த முதலீட்டில் இவ்வளவு லாபம் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தபோது தோட்டத் துரைமாருக்கும் வாய்த்ததில்லை.

"இது நம் பண்பாடு, அன்பாகக் கொடுப்பது" என்று தங்கள் தரப்பில் சொல்வார்கள். மலாக்கா மண்ணில் இருந்துகொண்டு இதை அடியோடு மறுக்க முடியாது. 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரேஸ், சுல்தான் காலத்து வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு சுங்கம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சுங்கம் இல்லை, மன்னருக்கும் அதிகாரிகளுக்கும் அன்பளிப்பு. ஆக, கோப்பி இந்தக் கரைக்கு வருமுன்பே கோப்பிக் காசு வந்து இறங்கிவிட்டது. ஆனால் அது ஊரறியக் கொடுத்தது. இருட்டில் கொடுத்ததன் கதையை செஜாரா மெலாயு எனும் பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. வணிகர் தலைவர் நைனா சுரதேவனுக்கும் துறைமுகத் தலைவர் ராஜா முதலியாருக்கும் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர் வீட்டுக்கு இரவோடிரவாகப் பொன் போகிறது. அதைக் கேள்விப்பட்ட எதிராளி வேறொரு பெரிய வீட்டுக்குப் பரிசுகளோடு போகிறார். பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்ற பொய் அந்த வீட்டு வழியாகச் சுல்தான் மஹ்மூது ஷாவின் காதுக்கு எட்டுகிறது. பெண்டஹாரா உறவினரோடு மாண்டார். அடுத்து 1511-இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்தபோது மலாக்காவே கைமாறியது. கொடுத்தவர்கள் பெயரைப் பாருங்கள், நம்மவர்களும் இந்தக் கலையில் பின்தங்கியவர்கள் அல்லர். 2008-இல் மலாக்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ இந்த ஒரு பாரம்பரியத்தை மட்டும் எப்படி விட்டதோ தெரியவில்லை. பண்பாடு என்றே வைத்துக்கொள்வோம்; அது ஓர் அரசைக் குடித்துத் தீர்த்த பண்பாடு.

"சம்பளம் பத்தவில்லை" என்பது அடுத்த சமாதானம். 2024 டிசம்பர் 1 முதல் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 8 விழுக்காடு, 2026 ஜனவரி 1 முதல் மேலும் 7 விழுக்காடு என்று சம்பளம் ஏறியது. அதற்கேற்பக் கோப்பி 15 விழுக்காடு இறங்கியதாக எந்த வரிசையிலும் பேச்சில்லை. பசிதான் காரணம் என்றால் தாதியும் தீயணைப்பு வீரரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கை நீட்ட வேண்டும். அவர்களுக்கும் அதே அரசாங்கச் சம்பளம்தான், அதே மளிகைக் கடைதான். கோப்பி, பசித்த இடத்துக்குப் போவதில்லை. கோப்பு இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது.

"கொடுப்பவனும் குற்றவாளிதானே?" உண்மை. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் 20 ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் குறைந்தது லஞ்சத்தின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. 50 ரிங்கிட் கோப்பிக்கு 10,000 ரிங்கிட் பில்! புனுகுப் பூனைக் கோப்பி கூட இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, லஞ்சம் கேட்கப்பட்டவர் தக்க காரணமின்றிப் புகார் செய்யாவிட்டால் அதுவும் குற்றம் என்கிறது. ஆக, கொடுத்தால் குற்றம், வாயை மூடிக்கொண்டிருந்தாலும் குற்றம். புகார் செய்தாலோ, அடுத்த முறை பாஸைப் புதுப்பிக்க அதே கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். தகவல் தருவோரைக் காக்க 2010-இல் ஒரு சட்டம் வந்தது. அது பெயரை மறைக்கும், பாஸின் முடிவு தேதியைத் தள்ளிப்போடாது. இங்கே கோப்பையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன்: இது திருட்டு. எதிர்த்துப் பேச முடியாதவர் என்று ஆள் பார்த்துச் செய்யும் திருட்டு. எங்கள் பாட்டன்மாரிடம் தோட்டத்தில் பேர் போடுவதற்குக் கை நீட்டிய கங்காணிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவனாவது கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும், சூடு கொஞ்சம் கூடிவிட்டது. ஆற்றிக்கொள்கிறேன்.

"எங்கோ ஒரு சிலர் செய்கிறார்கள், எல்லாம் கணினிமயமாகிவிட்டது" என்பது கடைசி வாதம். நேர்மையானவர்களே அதிகம் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். கை நீட்டுபவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்யும் பாவத்தைச் சுமப்பவர்களும் அந்த நேர்மையானவர்கள்தான். ஆனால் 'செட்டிங்' ஒரு கையால் ஆகிற காரியமில்லை. நேரம் சொல்ல ஒருவர், வரிசை காட்ட ஒருவர், பார்த்தும் பாராமல் இருக்க நாலு பேர் வேண்டும். கணினியைப் பற்றியும் தெரியும். 2016-இல் குடிநுழைவுத் துறையின் மைஇம்ஸ் கணினி அமைப்பையே உள்ளிருந்து முடக்கியதாகக் கண்டுபிடித்து அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2023 ஜூனில் சீனப் பயணி ஒருவருக்காகச் சுற்றுலா அமைச்சர் தியோங் கிங் சிங்கே கேஎல்ஐஏ-வுக்குப் போய், அங்கே ஊழல் நடக்கிறது என்று குற்றஞ்சாட்டினார். அமைச்சர் அதிகாரத்தை மீறினாரா என்பதுதான் அதற்குப் பிறகு ஊரெல்லாம் பேச்சு. அமைச்சர் போனாலே இந்தப் பாடு; அமைச்சரின் தொலைபேசி எண் இல்லாத வாத்தியார் எங்கே போவார்? டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் தன் ஊழல் கணிப்பில் நமக்கு 2019-இல் நூற்றுக்கு 53 மதிப்பெண் போட்டு 51-ஆம் இடம் தந்தது. 2024-இல் மதிப்பெண் 50, இடம் 57. ஐந்து வருடம் படித்தும் மதிப்பெண் குறைந்த பிள்ளையின் பெற்றோரை எந்த வாத்தியாரும் கூப்பிட்டுப் பேசுவார். வாத்தியார்தான் தங்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாரே.

வெளியூர் வாத்தியார் மலாக்காவுக்குப் புதியவர் அல்லர். 1818-இல் இங்கே தொடங்கப்பட்ட ஆங்கிலோ சீனக் கல்லூரியின் முதல் தலைவர் வில்லியம் மில்ன். நல்ல வேளை, அவருடைய படத்தில் காது தெரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அவரைப் போன்ற வெளிநாட்டவருக்கு மலாய் சொல்லிக்கொடுத்தவர், தமிழும் அறிந்த மலாக்கா மைந்தர் முன்ஷி அப்துல்லா. வந்தவரை ஆசிரியராக ஏற்றும், வந்தவருக்கு ஆசிரியராக இருந்தும் பேர் வாங்கிய ஊர் இது. ஆகவே தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உம்பாய் சுட்ட மீன் கடைகளுக்கு ஒரு மாலை வந்து பாருங்கள். அங்கே மீனை நிறுத்து விலை சொல்கிறார்கள். தாங்கள் மனிதனை நிறுத்தி விலை சொல்கிறீர்கள். அந்தக் கடைக்காரர்களைப் போல் தாங்களும் ஒரு பலகை தொங்கவிடுங்கள்: எந்தத் தாளுக்கு என்ன கட்டணம், எத்தனை நாள், நாள் தவறினால் யார் பொறுப்பு. கோப்பு எங்கே நிற்கிறது என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரிந்தால் கோப்பிக்கு அங்கே இடமில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்களை வேலைக்கு அமர்த்தும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டவர் பெயர், நேரம், தொகை மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள். வாத்தியாரைத் தனியாக அனுப்பாதீர்கள். புகாரைப் பள்ளியின் பெயரில் கொடுங்கள். ஊழல் தடுப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1-800-88-6000.

இப்படிக்கு,
கோப்பியைக் கடையில் மட்டும் குடிக்கும்
உம்பாய்வாசி