சரக்கு பத்திரமுங்க மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

"தேர் வீடியோவைக் காணோம், ரிக் வண்டிக் கணக்கையும் காணோம், என்ன மாப்ளே பண்ணி வச்சிருக்க?"ன்னு நீங்க போன் போட்டப்ப திருச்செங்கோட்டுல காலை ஆறு மணி. இங்க ஸ்டுட்கார்ட்டுல ராத்திரி ரெண்டரை. தூக்கக் கலக்கத்துல என்ன உளறுனேனோ, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

நம்ம சனம் பூரா படம் ஏத்துற நாஸ் பெட்டி, ராத்திரியோட ராத்திரியா தானாவே அப்டேட் போட்டுக்கிச்சு. விடிஞ்சு பாத்தா பச்சை விளக்கு எரியுது, பாஸ்வேர்டு போட்டா உள்ள விடுது, ஷேர்டு ஃபோல்டர் மட்டும் ஒண்ணுகூட இல்லை. ஆனா டிஸ்க் முக்கால்வாசி நெறஞ்சிருக்குதுன்னும் அதுவே காட்டுது. அப்பத்தான் உசுரே வந்துச்சு. ஃபோல்டர் பட்டியல் இருக்கிறது ஒரு எடம், சரக்கு இருக்கிறது வேற எடம். போனது பட்டியல்தான்.

ஹெல்ப்லைன்ல ஒரு தம்பி, "ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க"ன்னு சாவகாசமாச் சொல்றான். போர்வெல்லுல மோட்டார் கழண்டு விழுந்தா, எடுக்கிற வரைக்கும் மேல ஒரு கல்லு விழக் கூடாதுன்னு நீங்க ஆளுங்களைத் தள்ளி நிறுத்துவீங்களே, அதே சட்டம்தான் இங்கயும். பெட்டியை அணைச்சு, ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி, எது முதல், எது ரெண்டாவதுன்னு மார்க்கர்ல எழுதிட்டேன்.

லேப்டாப்புல மாட்ட ஒரு கேபிள் வேணும். அன்னிக்குப் பாத்து ஞாயித்துக்கெழமை! சங்ககிரி ரோட்டுல நடுராத்திரியிலயும் லாரிக்கு டயர் கிடைக்கும். இங்க ஞாயிறு ஓய்வுன்னு 1919 அரசியல் சட்டத்துல எழுதினதை இன்னும் கட்டிக் காப்பாத்துறாங்க. பெட்ரோல் பங்க், ஸ்டேஷன் கடை தவிர ஊரே பூட்டு. கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினேன். அவங்க நிலவறையில பெட்டி பெட்டியா கேபிள், ஒவ்வொண்ணுலயும் லேபிள். கேட்டதை எடுத்துக் குடுத்துட்டு, எத்தனை மணிக்குத் திருப்பித் தருவேன்னு கேட்டுக் காலண்டர்ல குறிச்சுக்கிட்டாங்க.

விண்டோஸ்ல மாட்டினா, "ஃபார்மேட் பண்ணட்டுமா?"ங்குது. வேண்டாஞ்சாமி! அது லினக்ஸ் டிஸ்க், விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. பென்டிரைவ்ல உபுண்டு ஏத்தி, படிக்க மட்டும்தான், எழுதக் கூடாதுன்னு கட்டளை போட்டுத் தொறந்தேன். வைகாசி விசாகத் தேர், மலைக்கோயிலோட 1,200 சொச்சம் படியையும் மூச்சு வாங்காம ஏறுற அப்பாரு, ராஜஸ்தான்ல நிக்கிற உங்க ரிக் வண்டி, டீசல் பில்லு, எல்லாம் இருக்குது. கல்யாண போட்டோவுல நீங்க மொறைச்சுக்கிட்டு நிக்கறதும் பத்திரம். வேற டிஸ்க்குக்கு எல்லாத்தையும் நகல் எடுத்தாச்சு.

"அதுதான் ரெண்டு டிஸ்க் இருக்குதே, பயமென்ன"ன்னு சின்ன மாமா சொன்னாராமே. ஒரு டிஸ்க் கெட்டுப்போனா இன்னொண்ணு காப்பாத்தும், அவ்வளவுதானுங்க. ஒண்ணுல அழிச்சா அடுத்த நொடியே இன்னொண்ணுலயும் அழியும். 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் பெட்டிகளை எவனோ இருந்த எடத்துல இருந்தே இன்டர்நெட் வழியா ரீசெட் பண்ணித் தொடைச்சுட்டான். உலகம் பூரா சனம் முழிச்சுது. 2015க்கு அப்புறம் அந்தப் பெட்டிக்கு அப்டேட்டே வரலை. அப்டேட் வந்தாலும் வம்பு, வராட்டியும் வம்பு!

அடுத்த மாசம் சேலத்துப் பையன் ஒருத்தன் ஊருக்கு வர்றான். அவன்கிட்ட ஒரு டிஸ்க் குடுத்தனுப்பறேன். டிவியில மாட்டிப் படம் பாக்க எடுத்துறாதீங்க. மாசம் ஒருக்கா பாப்பாவை விட்டு நகல் எடுத்துட்டு, வயரைக் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிருங்க மாமா.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை