சாரல் எந்தப் பக்கம் அடிக்கும்?

மேலகரம் வாசகர்: அண்ணாச்சி, எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. மச்சு அறையில் மாதிரி ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ‘மேலகரம்’ என்று ஒரு ஸ்டேஷன் வைத்தால் தப்பா?

தாராளமாக வையுங்கள். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன் வருவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? இங்கிலாந்தில் ஜான் ஆஹெர்ன் என்பவர் 1930களின் இறுதியில், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பள்ளத்தாக்கைத் தன் வீட்டில் கட்டி ‘மேடர் வேலி’ என்று பெயர் வைத்து ரயில் விட்டார். இன்று அது அங்கே பெண்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஸ்டேஷன் உங்கள் கற்பனையாக இருக்கட்டும். அதன்மேல் பெய்யும் மழை மட்டும் நிஜக் குற்றால மழையாக இருக்க வேண்டும். பெயர்ப் பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு, தமிழ் முதல் வரியில். மறந்துவிடாதீர்கள்.

தென்காசி வாசகி: என் பையன் அட்டையில் அவ்வளவு அழகாக ஸ்டேஷன் கட்டினான். மறுநாள் அதன்மேல் கறுப்புத் தண்ணீரைப் பூசி அழுக்காக்கிவிட்டான். கேட்டால் “இதுதான்மா முக்கியம்” என்கிறான். இவனுக்கு என்ன ஆச்சு?

நல்ல கைவேலைக்காரன் ஆகிக்கொண்டிருக்கிறான், தாயி. கவலைப்படாதீர்கள். பெயின்ட் பளபளத்தால் கண் உடனே ‘பொம்மை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். நீர்த்த கறுப்பு, ஓட்டு இடுக்கிலும் செங்கல் மூட்டிலும் போய்த் தங்கி நிழலைக் காட்டும். மேலே மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பும் போய்விடும். அமெரிக்காவில் மான்டரே நகரத்து ஜான் ஆலன் இந்தப் ‘பழசாக்கும்’ வேலையைப் பெரிய கலையாகவே வளர்த்தவர். 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே அவருடைய ரயில் உலகம் பெரும்பாலும் தீயில் போய்விட்டது. அவர் எடுத்து வைத்த படங்களைப் பார்த்துத்தான் இன்றும் பலர் படிக்கிறார்கள். ஆகவே பையனைத் திட்டாமல் பழைய பல் பிரஷ் ஒன்று கொடுங்கள், பெயின்ட் தெறிக்க உதவும்.

செங்கோட்டை வாசகர்: பாசி எங்கே வைப்பது, துரு எங்கே வைப்பது என்று கணக்கு உண்டா? மனம் போனபடி தடவலாமா?

தடவக் கூடாது. இந்தக் கலையின் உயிரே நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. நம் பக்கத்தில் ஜூன் பிறந்தால் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும், சாரலும் அதோடு வரும். ஆகவே உங்கள் ஸ்டேஷனின் மேற்குச் சுவரில்தான் பாசி. அதுவும் சுவர் முழுக்க இல்லை. கூரைத் தண்ணீர் ஒழுகும் கோட்டுக்குக் கீழே, ஜன்னல் திண்டின் இரு மூலையில், உடைந்த குழாய்க்கு அடியில். கிழக்குச் சுவரில் வெயில் ஏறி வண்ணம் வெளுத்திருக்கும். அடிச்சுவரில் செம்மண் தெறித்த கறை நாலு பக்கமும் உண்டு. நிஜத்தில் ஓரடி உயரம் ஏறும், ஹெச்.ஓ. எனப்படும் 87-ல் ஒரு பங்கு அளவில் மூன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேலே கொண்டுபோனால் வெள்ளம் வந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

துரு எப்போதும் கீழ்நோக்கித்தான் ஒழுகும். ஆணியிலோ போல்ட்டிலோ தொடங்கி, கீழே போகப் போக மெலிந்து மறையும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் பிரேக் தூளின் காவி நிறம், வண்டி நிற்கும் இடத்தில் தடத்தின் நடுவே எண்ணெய்க் கறுப்பு. ஒரு சாயங்காலம் உங்கள் தெருவில் ஓட்டு வீடுகளின் மேற்குச் சரிவையும் கிழக்குச் சரிவையும் மாறி மாறிப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அந்த ஓடுகள் சொல்லும்.

கடையநல்லூர் வாசகர்: சரக்கு ஷெட்டுக்கு நெளி தகரக் கூரை வேண்டும். கடையில் கிடைக்கவில்லை.

வீட்டிலேயே செய்யலாம். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் கொஞ்சம் தடிமனானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் 6 எம்.எம். த்ரெட் ராட் ஒரு முழம் வாங்குங்கள். பழைய ரப்பர் பாய்மேல் தாளை விரித்து, ராடை அழுத்தி ஒரே ஒருமுறை உருட்டுங்கள். மரையின் இடைவெளி 1 மி.மீ. நிஜத் தகரத்தில் நெளிவு 3 அங்குலம். அதை 87-ல் வகுத்தாலும் ஏறக்குறைய அதுதான் வரும். உருட்டி முடித்ததும் முழுத் தாளாக ஒட்டிவிடாதீர்கள். 28 மி.மீ. நீளம், 9 மி.மீ. அகலத்தில் துண்டு துண்டாக வெட்டுங்கள், நிஜத் தகரம் எட்டடிக்கு இரண்டரை அடிதான். கீழ் வரிசையை முதலில் ஒட்டி, மேல் வரிசை அதன்மேல் கொஞ்சம் ஏறி உட்காரட்டும். எல்லாத் தகரத்துக்கும் ஒரே வயது கொடுக்காதீர்கள். இரண்டு புதுசு, ஒன்று முழுத் துரு, மற்றவை நடுத்தரம். துருவை வெட்டு விளிம்பிலும், தகரங்கள் ஏறிச் சேரும் இடத்திலும், ஆணி வரிசையிலும் தொடங்குங்கள். இரும்புக் கம்பியைத் தேய்த்து எடுத்த நிஜத் துருத்தூளையே ஈரப் பெயின்ட்மேல் தூவினால் அந்த நிறத்துக்கு ஈடே கிடையாது.

ஆய்க்குடி வாசகர்: பதிமூன்று கண் பாலம் செய்ய ஆசை. அகலப்பாதையா, மீட்டர் கேஜா?

எந்தக் காலத்து நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பாலம் நிற்கும் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்தது. 2010-ல் அந்த வண்டிகள் நின்றன, 2018-ல் அகலப்பாதையில் மறுபடி ஓடத் தொடங்கின. என் ஓட்டு மீட்டர் கேஜுக்குத்தான். கணக்கும் அதற்கே சாதகம். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., அதை 87-ல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறை, பழகிய கண்ணுக்குத் தெரியும். மீட்டர் கேஜுக்குத் தேவை பதினொன்றரை மி.மீ., 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. அதன்மேல் ஒரு ஒய்.பி. நீராவி எஞ்சினோ, ஒய்.டி.எம்.4 டீசலோ போனால் மனசு நிறைந்துவிடும்.

பாலத்தை ஃபோம் போர்டில் வெட்டி, மை தீர்ந்த பேனாவால் கல் மூட்டுகளை அழுத்தி வரையுங்கள். சாம்பல் நிறத்தில் நான்கு வகை கலந்து, அங்கங்கே ஒரு கல்லுக்கு ஒரு நிறம். மூட்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பின் வெள்ளைக் கோடு ஒன்றிரண்டு. பாலம் முழுக்கப் புகைக்கரி பூசுகிறவர்கள் உண்டு, அது தவறு. திறந்த பாலத்தில் புகை காற்றோடு போய்விடும். குகை வாசலின் உச்சியில்தான் கரி அப்பியிருக்கும். கறுப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

பாவூர்சத்திரம் வாசகர்: பின்னணியில் தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம் வைக்கலாமா?

அது சுமார் 180 அடி. அளவு பிசகாமல் செய்தால் இரண்டடி உயரம் நிற்கும், ரயிலை யாரும் பார்க்க மாட்டார்கள். தொலைவில் தெரிவதுபோல நாலு அங்குலத்தில் செய்து, நிறத்தில் கொஞ்சம் நீலமும் வெள்ளையும் கலந்து மலைக்கு முன்னால் வையுங்கள். தூரத்துப் பொருளுக்கு அழுத்தமான கறுப்பு ஆகாது.

இலஞ்சி மாணவி: கொலுவில் ரயில்வே ஸ்டேஷன் வைக்கிறேன் மாமா. செட்டியார் பொம்மையை பிளாட்பாரத்தில் உட்கார வைக்கலாமா?

கொலுவில் எல்லாருக்கும் இடம் உண்டு கண்ணு, வை. கதவை மட்டும் உன் ரயில் அளவுக்குச் செய். ஏழடிக் கதவு இரண்டரை சென்டிமீட்டர். செட்டியார் வெளியிலேயே கடை போட்டுக்கொள்வார்.

குற்றாலம் வாசகர்: அருவிக்குப் பஞ்சு?

வேண்டாம். நிறமற்ற சிலிக்கான் பசையை பிளாஸ்டிக் தாளில் தடவி, பல்குச்சியால் மேலிருந்து கீழே கோதி, காய்ந்ததும் உரித்து ஒட்டுங்கள்.

மேலகரம் வாசகி: சீசன் வந்தாலே அட்டைச் சுவர் வளைந்துவிடுகிறது, பூஞ்சை வேறு.

ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளையத்தான் செய்யும். ஒட்டுவதற்கு முன்பே உள்ளும் புறமும் வார்னிஷ் கொடுங்கள், உள்மூலைகளில் மரக்குச்சி வையுங்கள். மைதாப் பசை கரப்பானுக்கு விருந்து, ஃபெவிகாலே போதும். தோட்டத்துப் பாசியை அப்படியே பிய்த்து வைக்காதீர்கள், பூஞ்சை அதன் வழியாகத்தான் வருகிறது. செம்மண்ணை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, டீ வடிகட்டியில் சலித்து, காந்தத்தை ஒருமுறை அதன்மேல் ஓட்டுங்கள். மண்ணில் உள்ள இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாரில் ஏறினால் வண்டி நின்றுவிடும்.

புளியரை வாசகர்: நல்லதாக ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமே?

புனேயில் கோத்ருட் பகுதிக்குப் போங்கள். பாவ் ஜோஷி என்பவர் வாழ்நாள் ஆசையாக உருவாக்கிய சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தால் ஹாம்பர்க்கில் ‘மினியாட்டுர் வுண்டர்லாந்து’, 2001-ல் திறந்தது. ரயில்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கூரைகளைப் பாருங்கள்.

சுந்தரபாண்டியபுரம் வாசகர்: முதல் கட்டடமாக எதைச் செய்ய?

லெவல் கிராசிங் கேட் கீப்பர் அறை. நாலு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், சீமை ஓட்டுக் கூரை. ஓடு ஒன்று ஏறக்குறைய 5 மி.மீ.க்கு 3 மி.மீ. தடித்த காகிதத்தில் கீற்றாக வெட்டிக் கீழிருந்து மேலே ஒட்டுங்கள். மேற்குச் சரிவை முடித்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், பாசி எங்கே வர வேண்டும் என்று அடுத்த இதழில் பேசுவோம்.