பையன் என்ன சொல்கிறான்?

கேள்வி: நெதர்லாந்தில் இருக்கிறோம். 12 வயது மகனுக்கு ‘வி.எம்.பி.ஓ.’தான் பொருத்தம் என்கிறார் ஆசிரியர். இன்ஜினீயர் கனவு அவ்வளவுதானா?
– ஒரு வாசகி, ஆம்ஸ்டல்வீன்

பதில்: கனவு யாருடையது என்று முதலில் பையனிடம் கேளுங்கள்! அந்நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சேர்வது இந்த 4 ஆண்டுத் தொழில்சார் படிப்பில்தான். அதிலும் 4 பிரிவுகள்: ஒன்றில் பட்டறை, சமையற்கூடம் என்று கைவேலை அதிகம்; ‘டி.எல்.’ பிரிவில் பாடப் புத்தகமே பிரதானம். அதை முடித்தவர் பொதுக் கல்விப் பிரிவான ‘ஹாவோ’வுக்குத் தாவலாம். அல்லது அடுத்த கட்டத் தொழிற்கல்வியான ‘எம்.பி.ஓ.’வில் 4-ம் நிலையை முடித்து, தொழில்சார் உயர்கல்வியான ‘ஹெச்.பி.ஓ.’ போனால் இன்ஜினீயரிங் பட்டமும் உண்டு. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான 8-ம் குழுத் தேர்வில் பையன் ஆசிரியர் கணித்ததைவிடக் கூடுதலாக வாங்கினால் ஆசிரியரின் பரிந்துரையும் பொதுவாக உயரும். அதுவரை, குழாய் ஒழுகினால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு பில்லைப் பாருங்கள், வி.எம்.பி.ஓ. மீது மரியாதை தானாக வரும்!