அப்பவே சொன்னவர்

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. பெங்களூரில் க்விஸ் நடக்கும் ஏதாவது ஒரு பப்புக்குள் நுழையுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு விடைத்தாள், ஒரு பேனா, நடுவில் கவிழ்த்து வைத்த நாலு செல்போன்கள், ஒரு தட்டு மசாலா வேர்க்கடலை. சுற்றிலும் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவருக்கு விடை தெரியும். ஒருவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒருவர் வேர்க்கடலைக்காக வந்தவர். நாலாமவர்தான் நம் கதாநாயகர். அவருக்கு எல்லா விடையும் தெரியும். க்விஸ் மாஸ்டர் அறிவித்த மறுகணம்.

"அப்பவே சொன்னேனே!"

இதுதான் அவருடைய முத்திரை வசனம். ஓர் இரவில் சராசரியாக எத்தனை கேள்வி தவறுகிறதோ அத்தனை முறை வரும். அணிக்குள் அவருக்கு 'அப்பவே அண்ணா' என்று பெயர். அவர் பாத்ரூமுக்குப் போயிருக்கும்போது மட்டும்.

ஐம்பதைத் தொட்ட வயது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேனேஜர். பூர்வீகம் திருச்சி. தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு கேள்வி கேட்ட 'க்விஸ் டைம்' 1985இல் தொடங்கியபோது அவர் ஆரம்பப் பள்ளி மாணவர். பக்கத்து வீட்டு டீவியின் முன் தரையில் உட்கார்ந்து, ஆங்கிலம் பாதி புரியாமலே, கல்லூரிப் பிள்ளைகள் விழித்த கேள்விக்கெல்லாம் விடை வந்ததும் "எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பாட்டி அதை நம்பி முறுக்கு கொடுத்தார். அன்று பிடித்த பழக்கம்.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அங்கேதான் அவருடைய கலை இருக்கிறது. அவர் உண்மையிலேயே சொல்லியிருப்பார். உதாரணத்துக்கு ஒரு கேள்வி: பனாமா தொப்பி எந்த நாட்டில் தோன்றியது?

"பனாமா இல்லம்மா. அது மட்டும் கன்ஃபர்ம்" என்று தொடங்குவார். பேனா பிடித்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். "அந்தப் பக்கம்தான். கொலம்பியா, பெரு, ஈக்வடார், கோஸ்டாரிகா… இதுல ஒண்ணு."

"எதுண்ணா?"

"நீயே யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துக் கொலம்பியா என்று எழுதுவாள். க்விஸ் மாஸ்டர் மைக்கைத் தட்டி, தொப்பி ஈக்வடாரில் நெய்யப்பட்டது, பனாமா வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, 1906இல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தலையில் வைத்துப் படத்துக்கு நின்றதும் பெயர் உலகம் முழுக்கப் பரவியது என்று விளக்குவார். அதற்குள் நம்மவர் மேசையை ஓங்கித் தட்டியிருப்பார். "அப்பவே சொன்னேனே, ஈக்வடார்!" யாரால் மறுக்க முடியும்? சொன்னார்தானே?

இது கண்டம் முழுவதையும் வளைத்துப் போடும் உத்தி. இரண்டாவது, முணுமுணுப்பு உத்தி. பக்கத்து மேசைக்கு விடை கேட்டுவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையில் அவர் மிகவும் ரகசியமாகப் பேசுவார். அந்த ரகசியம் சொந்த மேசைக்கும் தெரியாது. தப்பான விடையை மட்டும் ஏனோ நாலு மேசைக்குக் கேட்கும்படி சொல்வார். கேட்டால், "எதிராளியைக் குழப்பறதுக்கு" என்பார். குழம்புவது எழுதுகிறவள்தான்.

மூன்றாவது உத்திதான் முக்கியம். பேனாவைத் தொடவே மாட்டார். "என் எழுத்து டாக்டர் எழுத்தும்மா, நீயே எழுது" என்று தள்ளிவிடுவார். எழுதினவருக்குத்தானே தப்பு வரும்! தாளில் இருப்பது ஒரே விடை. அவர் வாயில் இருப்பது எல்லா விடையும்.

தவறிப்போய் அவர் ஒரே ஒரு விடையைத் துணிந்து சொல்லி, அதுவும் தப்பாகிவிட்டால்? கேள்வியே தப்பு என்பார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்று கேட்டார்கள். "பேர்லயே இருக்கே, நூறு!" என்றார் நம்மவர். 1337இல் தொடங்கி 1453இல் முடிந்தது, ஆக 116 ஆண்டு என்று விடை வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நடுவுல சமாதானமா இருந்த வருஷத்தையெல்லாம் கழிச்சீங்களா?" க்விஸ் மாஸ்டர் சின்னப் பையன். "இல்லீங்க சார்" என்றான். "கழிச்சா நூறுகூட வராது" என்று உட்கார்ந்தார். பக்கத்து மேசை கை தட்டியது. மதிப்பெண் வரவில்லை. ஆனால் தோற்றது போலவும் இல்லை.

விடைகள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். யாராவது காப்பியடித்தால் பிடிப்பதற்காக, டீவி துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் 'ஃபிலிப்' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யையும் உள்ளே வைத்தார். கனடாவில் பிறந்த 'டிரிவியல் பர்சூட்' என்ற கேள்வி-பதில் விளையாட்டு உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்தபோது, அதன் அட்டையொன்றில் அந்த ஃபிலிப் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவல்கள் எவருடைய தனிச் சொத்தும் அல்ல என்ற அடிப்படையில் வழக்கு தள்ளுபடியானது. ஆகவே, மற்றவர் சொன்ன விடையெல்லாம் தன்னுடையது என்று நம்மவர் சொல்லிக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

பாட்டுச் சுற்று வந்தால் அவர் ஆளே வேறு. இளையராஜாவின் முகப்பிசை இரண்டு விநாடி ஒலித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கை தாளம் போடும். மேசை முழுக்க நம்பிக்கையோடு அவரையே பார்க்கும்.

"வயலின் முடிஞ்சு இப்போ புல்லாங்குழல் வரும் பாரு" என்பார். வரும்.

"என்ன படம்ணா?"

"திருச்சியில செகண்ட் ஷோ பார்த்தேன். அன்னிக்கு நல்ல மழை. இடைவேளையில கரண்ட் போச்சு."

"படம்?"

"ஹீரோயின் மஞ்சள் தாவணி."

அடுத்த பாட்டு தொடங்கிவிடும். படத்தின் பெயரைத் தவிர அந்தப் படத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

இவரை நினைத்துச் சிரிக்கிறோம். ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைத் துருவினால் இவருக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. 1951இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் ஒரு வேட்டை. கின்னஸ் பியர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சர் ஹியூ பீவர் ஒரு பொன்னிற உப்புக்கொத்தியைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு தப்பியது. பறவை போய்விட்டது. சாதாரண மனிதர் என்றால் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். பீவரோ, ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளிலேயே வேகமானது எது என்று விவாதத்தில் இறங்கினார். உப்புக்கொத்தியா, சிவப்புக் கவுதாரி இனமா? எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்கவில்லை. இப்படியொரு சண்டை பப்புகளில் தினமும் நடக்குமே, தீர்த்து வைக்க ஒரு புத்தகம் இருந்தால் பியரும் விற்குமே என்று தோன்றியது. மெக்விர்ட்டர் என்ற இரட்டைச் சகோதரர்களிடம் வேலையை ஒப்படைத்தார். 1955இல் வெளிவந்தது கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் முதல் பதிப்பு. கோடிக்கணக்கில் விற்ற அந்தப் புத்தகத்தின் மூலம் என்ன? குறி தப்பிய ஒருவர், தப்பு என் மேல் இல்லை, பறவை அவ்வளவு வேகம் என்று நிரூபிக்க நினைத்ததுதான்.

கிட்டத்தட்ட என்பதற்கும் ஒரு மகிமை உண்டு. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேன் 1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவல் மைதானத்தில் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்சுக்கு இறங்கியபோது, டெஸ்ட் சராசரி 100 ஆக 4 ரன் போதும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு போல்ட். சராசரி 99.94 என்று நின்றுவிட்டது. முழுசாக 100 ஆகியிருந்தால் அதைக் கேள்வியாக யார் கேட்பார்கள்? குறைந்துபோன அந்தப் புள்ளி பூஜ்யம் ஆறுதான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக க்விஸ் மாஸ்டர்களுக்குச் சோறு போடுகிறது. ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனம் தன் தபால் பெட்டி எண்ணையே 9994 என்று வைத்துக்கொண்டது. நம்மவருக்கு இந்தக் கதை மனப்பாடம். "தொண்ணூத்தொம்பது புள்ளி ஏதோ" என்று எண் மட்டும் கொஞ்சம் வழுக்கும்.

க்விஸ் மாஸ்டர்களைத் தனியாகப் பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்கிற கேள்வி மட்டமான கேள்வி. விடை வந்ததும் எல்லோரும் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட, இது எனக்குத் தோணியிருக்கணுமே" என்று சொல்ல வைப்பதுதான் நல்ல கேள்வி. எச்.எம்.ரெட்டி இயக்கிய முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார். நாயகன் வேறு மொழியில் பதில் சொன்னார். எந்த மொழி? படம் பார்க்காதவரும் யோசித்தால் எட்டிப்பிடிக்கலாம். தெலுங்கு என்றதும், "ரெட்டின்னு பேர் வந்தப்பவே நெனச்சேன்" என்று நம்மவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கேள்வியைச் செதுக்கியவர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அப்படியானால் இந்தக் கடை யாரை நம்பி நடக்கிறது? தெற்கு இங்கிலாந்தில் 1976 முதல் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் ஊர் ஊராகப் பப்புகளில் க்விஸ் நடத்தி அதைப் பெரிய பழக்கமாக்கினார்கள். ஜெயிக்கிறவர்களை மட்டும் நம்பியிருந்தால் அது ஒரே மாதத்தில் படுத்திருக்கும். ஜெயிப்பது ஒரு மேசை. மிச்ச மேசைகள் அடுத்த வாரமும் வருவது, இந்த வாரம் கிட்டத்தட்டத் தெரிந்திருந்தது என்பதால். விடை முழுசாகத் தெரிந்தவர் பரிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கிட்டத்தட்டத் தெரிந்தவர்தான் ஆறாத மனதோடு உட்கார்ந்து இன்னொரு மக் ஆர்டர் செய்வார். பப் முதலாளி கும்பிட வேண்டியது அவரைத்தான்.

கிட்டத்தட்டத் தெரிந்தாலே போதும் என்கிற கேள்வி ஒன்றும் உண்டு: டை-பிரேக்கர். சமமாக நிற்கும் இரண்டு அணிகளில் எண்ணுக்குப் பக்கத்தில் போனவருக்கு வெற்றி. போன மாதம் எங்கள் அணிக்கு அப்படி ஒரு நெருக்கடி. 2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மாஹூவும் மூன்று நாளாக ஆடிய மேட்ச் மொத்தம் எத்தனை நிமிடம்? மேசையே நம்மவர் பக்கம் திரும்பியது. அவர் வழக்கம்போலத் தொடங்கினார். "முந்நூறுக்கு மேல. ஆயிரத்துக்குக் கீழ. அந்த ரேஞ்ச்தான்."

"ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா, நேரம் முடியப்போகுது!"

அந்த நேரம் பார்த்துச் சர்வர் பில்லைக் கொண்டுவந்து நீட்டினான். நம்மவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு, முணுமுணுப்பை மறந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தெளிவாக, திட்டவட்டமாக, ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்.

"எழுநூறா!"

பேனாக்காரப் பெண் 700 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எதிர் அணி 600. சரியான விடை 11 மணி 5 நிமிடம், அதாவது 665. முப்பத்தைந்து நிமிடம்தான் தள்ளிப்போயிருந்தோம்; ஜெயித்துவிட்டோம். மேசை எழுந்து குதித்தது. சர்வரிடம் "ரெண்டு துண்டு பனீர் டிக்காவுக்கு எழுநூறு ரூபாயா?" என்று சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, எங்கள் முகங்களைப் பார்த்தார். நிலைமை புரிய அவருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது.

"அப்பவே சொன்னேனே!"

அன்று மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் ஆமோதித்தோம். பரிசு இரண்டாயிரம் ரூபாய்க் கூப்பன். அதில் முதலில் கழிந்தது அந்தப் பனீர்தான்.